ரெண்டரைச் சுற்று

அரை இஞ்சிக் குழாயில்
எந்த இடத்திலும் அரை இஞ்சி இல்லை.
நம்பாவிட்டால் அளந்து பாருங்கள்.
வெளியே இருபத்தொரு மில்லிமீற்றர்,
உள்ளே பதினாறு சொச்சம்.
காலப்போக்கில் இரும்பு மெலிந்தது, துளை அகன்றது,
பெயர் மட்டும் அப்படியே.

ஸ்காபரோவிலிருந்து கோகுலன் அனுப்பிய
தண்ணீர் வடிகட்டியின் பித்தளைக் கழுத்திலும்
அரை என்றுதான் பொறித்திருந்தது.
என் வெள்ளவத்தைக் குசினிச் சுவரிலும் அரை.
அரையும் அரையும் சேரும்தானே என்று
ஸ்பானரை எடுத்தேன்.

முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது.
இரண்டாவது கொஞ்சம் யோசித்தது.
இரண்டரையில் நின்றுவிட்டது.
கழற்றி, வெள்ளை டேப்பைப்
பன்னிரண்டு முறை சுற்றி
மறுபடி இறுக்கினேன்.
பித்தளை கீச்சிட்டது.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரவு பதினொன்றரைக்கு
கீழ்மாடி மிஸிஸ் விதானகே
தன் குசினிக்குள் குடை பிடித்து நிற்கும் படம்
ஃபோனுக்கு வந்தது.
ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.

காலையில் டாம் வீதி.
எல்போ, டீ, நிப்பிள், யூனியன்
சாக்குச் சாக்காய் அடுக்கிய இடுக்கில்
சியாம்தீன் ஒரு எஃகுச் சீப்பை எடுத்து
பித்தளையின் புரியில் பொருத்தி
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"இஞ்சிக்குப் பதினாலு பல்லு.
ரெண்டுலயும் அப்பிடித்தான் ஈக்கிது.
அதுதான் உங்கள ஏமாத்தின.
ஒரு இஞ்சி பைப்பாயிருந்தா
பல்லெண்ணிக்கையே காட்டிக் குடுத்திரிக்கும்.
எங்கட பல்லுட கோணம் அம்பத்தஞ்சு பாகை,
இது அமெரிக்கன், அறுவது."

ஐந்து பாகை.
சீப்புக்கும் பித்தளைக்கும் நடுவே
மயிரிழையாய் ஒரு வெளிச்சம்.
அவ்வளவுதான் இடம்,
தண்ணீர் ராத்திரி முழுக்க
அதற்குள் நுழைந்து நுழைந்து
ஒரு கூரையை நனைத்திருக்கிறது.
டேப் அதை அடைக்காது. ஒளித்துவைக்கும், அதுவும்
மோட்டர் ஓடும் வரைக்கும்.

எங்கள் பேச்சில் எல்லாம் விளங்கும்,
எதுவும் புரிவதில்லை.
அன்றைக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி
வாய் தவறிப் "புரியுது" என்றேன்.
சியாம்தீன் நிமிர்ந்தார்.
"மிஸ் இந்தியாவா?"

ஒரு தலையில் அவர்களின் புரி,
மறு தலையில் எங்களின் புரி,
பெருவிரல் நீளத்தில் ஒரு அடப்டர்.
ஆயிரத்து நானூறு ரூபா.
கடையில் இருந்தது ஒன்றேயொன்று.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன்.
கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள்
பித்தளை என் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துவிட்டது.
பம்பலப்பிட்டியில் கோகுலன் எடுத்தான்.

"பூட்டியாச்சா?"
"உன்ர அரை வேற, என்ர அரை வேறயடா."
"அதென்ன? அரையெண்டா அரைதானே."
"சரி, அப்ப கேள்.
கீழ் வீட்டுச் சீலிங்குக்குப் பெயின்ற் அடிக்கவேணும்.
அந்தச் செலவில அரை
உன்ர."

அவன் பக்கம் லைன் இரைந்தது.
பிறகு, "எவ்வளவு வரும்?" என்றான்.