பதினாறு எழுத்துக்குள்

சேன் லூயி தபால் நிலையத்தில்
கடிதம் பிரிக்கிற வேலை எனக்கு.
வீரப்பிள்ளை விராபூலே ஆகி
முத்துசாமி மூத்தூசமி ஆகி
உறைகளின்மேல் தினமும் வந்து விழும்
வாலறுந்த பல்லிகள்.
காரைக்காலில் பிறந்தவன், முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

கரும்பு லாரிகள் சாலையெல்லாம் தோகை உதிர்த்துப் போகிற
ஆகஸ்டில் ஒருநாள்
ஒடில் கான்ஜமாலே வந்து வரிசையில் நின்றாள்.
லெ கோல் சர்க்கரை ஆலையில் மின்பணி அவளுக்கு.
இரவானால் லே மாக் மேட்டில்
தகரக் கூரையைத் தள்ளித் திறந்து
சொந்தத் தொலைநோக்கியோடு குளிரில் கிடப்பாள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய இரவு அது.
மேகம் ஏறி வராமல் பள்ளத்திலேயே படுத்துக்கொண்டதாம்.
ஒரே வானம், மூன்று படம்,
இருபது இருபது நிமிட இடைவெளி.
மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது
அறைந்த ஆணிகளாய் எல்லாப் புள்ளியும் நிற்க
ஒன்று மட்டும் நகர்ந்தது.
தூசி என்று திரையை விரலால் துடைத்தாளாம்.
போகவில்லை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
இரண்டு கிலோமீட்டர் கல்.
பாதை சரிபார்த்து எண் கொடுக்க
இத்தனை காலம் ஆயிற்று.
இப்போதுதான் பெயர் கேட்கிறார்கள்.

பதினாறு எழுத்துக்கு மிகக் கூடாது.
நாய் பூனை பெயர் ஆகாது.
நேற்றுச் செத்த அரசியல்வாதி ஆகாது.
கண்டவர் தன்னையே சூட்டிக்கொள்ளவும் ஆகாது.
அம்மா பெயர் வையுங்களேன் என்றேன்.
"அம்மாவுக்கு வானமே பிடிக்காது.
புயல் வருகிற இடம் என்பாள்."

பின்னால் நின்றவர் இருமினார்.
அவள் நகரவில்லை.
"என் குடும்பப் பெயருக்கு உங்கள் மொழியில் என்ன?
பூ என்றார்கள், சாதி என்றார்கள்,
ஒருவர் கெட்டவார்த்தை என்றார்."

பதிவுத்தபால் சீட்டின் முதுகில் எழுதிக் காட்டினேன்:
கஞ்சமலை.
சேலத்துப் பக்கம். இரும்புக்கல் மலை,
அடிவாரத்தில் சித்தர் கோயில்.
அங்கே யாரோ பிள்ளைக்கு வைத்த பெயர்
கப்பலேறி வந்திருக்கும்.
துறைமுகத்தில் முதலில் எண் போட்டிருப்பார்கள்,
அப்புறம் குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதியிருப்பான்.

சீட்டை வெகுநேரம் பார்த்தாள்.
"அப்படியானால் இது என் பெயர் இல்லை" என்றாள்,
திருடப்போகிறவளின் கண்ணோடு.

குழுவிலிருந்து கேள்வி வந்தது:
கண்டவர் பெயர்போல ஒலிக்கிறதே?
ஒடில் பதில் போட்டாள்:
முதல் எழுத்தே வேறு, பாருங்கள். இது ஒரு மலை.
பொய் இல்லை.
முழுக்க மெய் என்றும் சொல்ல மாட்டேன்.
நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒருவன்
அலட்சியமாய்ச் செய்த பிழை
அன்று எங்கள் பக்கம் நின்று சாட்சி சொன்னது.

மலைகளுக்கு ஒருகாலத்தில் சிறகிருந்ததும்
இந்திரன் வெட்டிப்போட்டதும் சொன்னேன்.
"ஒன்றை எண்ணாமல் விட்டிருக்கிறான்."

இரும்பெல்லாம் இல்லையாம் அதில்.
ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள்
அடுப்புக்கரி போன்ற கல் என்கிறார்கள்.
வெறும் கண்ணுக்குத் தெரியாது.
தெரியாத திசையைக் காட்டி
அவள் கணவனுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்,
பாவம், அவனும் தலையாட்டினான்.

அவள் வீட்டுத் தபால்பெட்டியில்
இன்னும் கான்ஜமாலேதான்.
திருத்தி எழுதித் தரட்டுமா என்றேன்.

"வேண்டாம்.
மலை அங்கேயே சுற்றட்டும்.
எனக்கு மின்கட்டணச் சீட்டு வந்து சேர வேண்டும்."