அரைப்புள்ளி

அக்டோபரோடு நிறுத்திக்கொள்கிறார்களாம்.
நீலப் பெட்டி ஒன்று திரையில் வந்து
சொல்லிவிட்டுப் போனது.
புதியதற்கு மாறலாம்தான்,
ஆனால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம்.

தகுதி.
ராயபுரம் கிரேஸ் கார்டன் முனையில்
ஒன்பது வருஷமாக
இருப்பிடச் சான்று, கரண்ட் பில்,
விசைப்படகு டீசல் மானியம்,
வாக்காளர் அட்டையில் தப்பாய் விழுந்த அப்பா பேர்
எல்லாம் இதில்தான் ஓடியது.
மாசம் ஒருமுறை மூடியைக் கழற்றி
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவேன்.
துறைமுகக் கரியா எண்ணூர்ச் சாம்பலா
கன்டெய்னர் லாரிப் புழுதியா,
உள்ளே சுற்றுகிற ஃபேனுக்கு
எல்லாம் ஒரே கறுப்பு.

பிரின்டர் சர்வீஸுக்கு வந்த இம்தியாஸ்
பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தான்.
"காசு கிடையாதுக்கா. வைரஸ் பயம் இல்ல.
ஏத்தக்கூட வேணாம், சும்மா ஓட்டிப் பாரு.
புடிக்கலையா, புடுங்கிடு.
வந்த தடயமே இருக்காது."

செவ்வாய் மதியம், கூட்டமில்லாத நேரம்,
ஓட்டிப் பார்த்தேன்.
முப்பது விநாடியில் திறந்தது.
இந்தப் பெட்டிக்கு இவ்வளவு கால் இருப்பது
எனக்கே தெரியாது.
பில் கட்டியது. ஸ்கேன் எடுத்தது.
சரி, மாறிவிடலாம் என்று எழுந்து
டீ சொல்லிவிட்டு வந்து
'அஞ்சலி' ஃபோல்டரைத் திறந்தேன்.

செத்தவர்கள் அறுநூற்றுப் பதிமூன்று பேர்.
யாருக்கு, எத்தனை போஸ்டர், பாக்கி எவ்வளவு
என்று பட்டியல் வைத்திருக்கிறேன்.
பழைய ஃபான்ட்டில் அடித்தது.
ஒரு பேரும் பேராக இல்லை.
ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடந்தன,
மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருந்த இடமெல்லாம்
அரைப்புள்ளி.
செத்தவர்கள் யாருமே
இன்னும் முடியவில்லை என்பதுபோல.

"ஃபான்ட்டக் கொண்டாந்து போட்டா
எழுத்து வந்துரும்க்கா," போனில் சொன்னான்.
"பேஜ்மேக்கர்தான் வராது."
அப்புறம் என்ன வந்து என்ன.

அப்போதுதான் வாசலில் இரண்டு பேர்,
காசிமேட்டிலிருந்து, செல்போனை நீட்டியபடி.
மாமாவாம். நாளைக் காலை எடுக்கிறார்களாம்.
விடியறதுக்குள் ஒட்டணும்.
பென்டிரைவைப் பிடுங்கினேன்.
பழையது எழுந்திருக்க நாலு நிமிஷம்.
வட்டமாய்ச் சுற்றும் புள்ளிகளை
மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"மிஷின் பழசாக்கா?"
"பழகினது," என்றேன்.

மார்ட்டின் என்கிற வின்ச்சு.
பட்டப்பேரைச் சின்னதாய்ப் போடக் கூடாதாம்,
ஏரியாவில் அதுதான் தெரியும்.
தோற்றம் எந்த வருஷம் என்று
இரண்டு பேருக்கும் சண்டை.
மறைவை மட்டும் போட்டு அனுப்பினேன்.
விரல்கள் அந்த நேரத்தில்
என்னைக் கேட்டு அடிக்கவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டிஸ்க்கைப் பாகம் பிரித்தேன்.
நடுவில் ஒரு கோடு, இழுத்துத் தள்ளலாம்.
இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு.
திரும்பப் பெற முடியாது என்று
சிவப்பில் எச்சரித்தது.
கொருக்குப்பேட்டைப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி
கடைசிப் பெட்டி வரை கடக்கட்டும் என்று
காத்திருந்து அழுத்தினேன்.
ஏன் காத்திருந்தேன், தெரியாது.

புதியதில் உயிரோடிருப்பவர்கள்.
பழையதைத் திறந்தால்
முதலில் நெட் ஒயரைக் கழற்றிவிடுவேன்.
செத்தவர்களுக்கு எதற்கு அது.

இப்போது காலையில் கறுப்புத் திரையில்
இரண்டே வரி.
எது வேண்டும்? பத்து விநாடி.
தொடாவிட்டால் தானே பழையதற்குப் போய்விடும்,
அதை மாற்றத் தெரியும், மாற்றவில்லை.

இன்றும் ஓடியது, ஒன்பது, எட்டு.
ஷட்டருக்கு வெளியே செருப்புச் சத்தம்.
குனிந்து உள்ளே வருகிறவர் கையில்
இருப்பது கார்டா போட்டோவா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நாலு. மூன்று.