இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை

தெருவேலுக்கு வடக்கே
வரைபடத்தில் விரல்நுனி வைத்தால் மறைந்துபோகும் ஊர்.
2008 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை.
ஏணியைப் பிடித்துக்கொள்ள
நகராட்சி எனக்கு மூன்று மாதச் சம்பளம் தந்திருந்தது.

மேலே எயுதீமியோ.
உதட்டில் சிகரெட், கையில் திருப்புளி.
தளபதியின் பெயர் பொறித்த இரும்புப் பலகை
மூன்று திருகாணிகளைச் சுலபமாய்க் கொடுத்தது.
நாலாவது வரவில்லை.
"செத்து முப்பத்து மூணு வருஷம்,
இன்னும் வீம்பு" என்றான்.

பலகை பெயர்ந்தது. அடியில் சிவப்புச் சாயம்:
ஏப்ரல் பதினான்கு.
மன்னர் ஊரைவிட்டுப் போன தேதி.
எழுதியவனுக்கு என்ன அவசரமோ,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
சுவரோரம் கீழே சரிந்திருந்தது.
அதற்கும் அடியில் நீலப் பீங்கான் ஓடு,
"அரச" மட்டும் மிச்சம்,
வீதி உதிர்ந்துபோயிருந்தது.

அதற்கும் அடியில் எழுத்தே இல்லை.
செங்கல்.
சாய்த்தும் குறுக்கியும்
நட்சத்திரம் விழும்படி அடுக்கிய செங்கல்.
அடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளை
1610-இல் கப்பலேற்றி அனுப்பியாயிற்று.
அவர்கள் வெட்டிய வாய்க்காலை
அவர்கள் சொல்லாலேயே அசேக்கியா என்கிறோம்.
மழை வேண்டுமென்றால் "ஓஹலா" என்கிறோம்,
அல்லா நாடினால் என்று அர்த்தம்.
பாதிரியாரும் அதைத்தான் சொல்கிறார்.

எயுதீமியோ கல்லைத் தட்டிப் பார்த்தான்.
"சுத்தமான வேலை."
வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழாம் எண் ஜன்னல் திறந்தது.
"என் போர்வையெல்லாம் தூசு!"
பெரெக்ரினா.

புதுப் பலகையில் வரவிருந்தது அவள் அப்பாவின் பெயர்.
நகரசபைத் தீர்மானம், ஐந்துக்கு நான்கு.
ரொட்டி சுடுகிறவர்.
36 ஆகஸ்டில், விடியுமுன்,
மாவு காயாத கையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
பதினேழாம் கிலோமீட்டர், பாதாம் மரங்களை ஒட்டிய பள்ளம்.
எல்லாருக்கும் தெரியும்.
மண்வெட்டியோடு யாரும் போனதில்லை.

அப்போது அவளுக்கு இரண்டு வயது. முகம் நினைவில்லை.
அப்பாவின் கடன் நோட்டு இருக்கிறது.
"லூப்பெர்ஸியோ வீடு: பதினோரு ரொட்டி."
பட்டியல் எழுதிக் கொடுத்ததும் அந்த வீடுதான் என்பார்கள்.
அந்த வீட்டுப் பேரன் சதுக்கத்தில் பார் வைத்திருக்கிறான்.
தினமும் பதினோரு மணிக்கு
அவள் அங்கே காபி குடிப்பாள்,
காசு வைக்க மாட்டாள்.
அவனும் கேட்பதில்லை.
ரொட்டிக் கணக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும்.
நோட்டில் அந்த வரியை அவள் இன்னும் அடிக்கவில்லை.

சாக்கைப் பிரித்துப் பலகையைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.
"எழுத்தெல்லாம் சரியா இருக்கு" என்றாள்.
பிறகு:
"ஆளை முதல்ல வெளியே எடுங்க.
பலகை அப்புறம்."
ஜன்னல் சாத்திக்கொண்டது.

எயுதீமியோ மேயரைக் கூப்பிட்டான்.
மேயர் யோசிக்க வேண்டும் என்றார்.
மணி இரண்டடித்தது. சாப்பிடப் போனோம்.

இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை
தெருவுக்குப் பெயர் இல்லை.
ரொட்டி வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்து
வழக்கமான இடத்தில் நின்றதாம்.
ஒரு நாய் ஏணியை முகர்ந்துவிட்டுக் கடமையைச் செய்திருந்தது.
நட்சத்திரச் செங்கலில் வெயில் விழுந்து
கொஞ்சம் கொஞ்சமாய் விலகிக்கொண்டிருந்தது,
அதைப் பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை.

ஐந்து மணிக்கு அவன் வந்தான், பூண்டு வாசனையோடு.
"போன் வந்ததா?"
"இல்லை."
நாலாவது திருகாணியின் ஓட்டை மட்டும் பெரிது,
விரல் நுழையும் அளவுக்கு.
அதில் சிகரெட்டை நசுக்கிவிட்டு இறங்கினான்.

வேலைத்தாளில் "இடம்" என்றொரு கட்டம்.
என்ன எழுத, என்று கேட்டேன்.
"அடுப்புத் தெரு. வேற எப்படிச் சொல்லுவே?"
அவன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்,
லூப்பெர்ஸியோ வீட்டிலும் அப்படித்தான்.
அந்த அடுப்பில் நெருப்பு அணைந்து
எழுபத்திரண்டு வருஷமாகிறது.

எழுதிக் கொடுத்தேன்.
மறுநாள் குமாஸ்தா அதை அடித்துவிட்டு
தளபதியின் பெயரைப் போட்டாள்.
கணினியில் அதுதான் இருக்கிறது என்றாள்,
வருத்தத்தோடுதான்.