நாற்பது சென்டிமீட்டர்

கிளாஸ்கோவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
ஷீல்பர்ன் குடியிருப்பின் பொதுக்கூடத்தில்
ஒன்பது பேர் ஈரத்தோடும்
இரண்டு பேர் கோபத்தோடும் உட்கார்ந்திருந்தார்கள்.
கூட்டக் குறிப்பெழுத நான்;
மாநகராட்சியில் சேர்ந்து ஆறு வாரம்.

மேசையில் வெள்ளை அட்டையில் புது ஷீல்பர்ன்:
நாலு கோபுரங்கள் நிற்கிற இடத்தில்
தீப்பெட்டி அடுக்கியதுபோல் வீடுகள், பஞ்சு மரங்கள்,
நகக்கண் உயரத்தில் மனிதர்கள்.
ஒருவருக்கும் முகமில்லை.
ஒருவர் கையிலும் அழுக்குத்துணி மூட்டையில்லை.
"எல்லாரும் ஒல்லியா இருக்காங்க,
வாடகை கட்டியே இளைச்சுட்டாங்க போல"
என்றார் எஃபி கெடெஸ்.
சிரிப்பைக் குறிப்பில் எப்படி எழுதுவது?
விட்டுவிட்டேன்.

பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு,
பிடிக்காத இடத்தில் சிவப்பு.
ஆளுக்கு ஐந்தைந்து.
செகாயின் மகள் சிவப்பு அத்தனையும்
மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டாள்.
"கோபுரத்தை இடிக்கணுமா, வேண்டாமா,
அதுக்கு எந்த நிறம்?" என்றார் செகாய்.
அது முடிவாகிவிட்டது என்றேன்.
அன்று நான் பேசிய ஒரே வாக்கியம்.

இஷ்பெல் ராட்ரி எதையும் ஒட்டவில்லை.
அட்டைக் கூரையைத் தூக்கி உள்ளே பார்த்தார்.
"லிஃப்ட் எங்கே?"
மாதிரியில் அதெல்லாம் காட்டுவதில்லை என்றார் ஃபென்விக்,
கட்டடக் கலைஞர், நல்ல மனிதர், நனைந்த காலுறை.
"நீளம் எவ்வளவு?"
"விதிப்படி இருக்கும்."
"விதிப்படிதான் இப்பவும் இருக்கு."

கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.
"என் புருஷன் டூகல் ஆறடி ஓரங்குலம்.
பதினாலாம் மாடியில செத்தான்.
நம்ம லிஃப்ட் மூணரை அடி.
படுக்கவைக்க முடியாதே.
நாற்காலியில வாரால கட்டி, போர்வை சுத்தி,
உட்காரவச்சே இறக்கினாங்க.
ஒன்பதாம் மாடியில கதவு திறந்துச்சு.
பீட்சா கொண்டுவந்த பையன் ஏறினான்.
டூகலைப் பாத்து, குளிருதான்னு கேட்டான்.
கீழ வர்ற வரைக்கும்
பதிலுக்குக் காத்திருந்தான்."

கூடத்தில் கெட்டில் மட்டும் கொதித்தது.
செகாய் எழுந்தார். கோட்டைக் கழற்றினார்.
தரையில் மல்லாந்து படுத்து
"அளங்க" என்றார்.
ஃபென்விக் மண்டியிட்டு
டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

நான் எழுதினேன்:
பொருள் 7. மின்தூக்கி அளவு. பரிசீலிக்கப்படும்.
அது எங்கள் அலுவலகத்துத் தாலாட்டு.
எத்தனையோ கோரிக்கைகள் அதில் தூங்கியிருக்கின்றன.
இது தூங்கவில்லை.
மாதாமாதம் இஷ்பெல் டேப்போடு வந்தார்.
பதினோராவது கூட்டத்தில், வரைபடத்தில்
லிஃப்ட் நாற்பது சென்டிமீட்டர் நீண்டிருந்தது.
அதற்காக மாடிக்கொரு அலமாரி சுருங்கியது;
பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியை எங்கே வைப்பதென்று
எஃபி என்னோடு மூன்று வாரம் பேசவில்லை.

ஆனால் பொருள் 3 இருக்கிறது.
பழைய கோபுரங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
புதியதில் நூற்று அறுபத்தெட்டு.
மீதி நாற்பத்துநாலு எங்கே?
கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது கேட்டார்கள்.
குறிப்புக்குக் குறிப்பு அதே பதிலை ஒட்டினேன்.
கேட்டவர்கள் ஒவ்வொருவராய் வராமல் போனார்கள்.
பெய்ஸ்லிக்கு,
மகள் வீட்டு சோபாவுக்கு,
முகவரி தராத ஏதோ ஓர் ஊருக்கு.
கடைசியாகப் போனவர் செகாய்.
அவர் உடம்பை வைத்து அளந்த லிஃப்டில்
அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

திறப்பு நாளில்
இஷ்பெலுக்குத் தரைத்தளத்தில் சாவி கொடுத்தோம்.
லிஃப்டே தேவையில்லை அவருக்கு.
இருந்தும் தனியாக உள்ளே போய்
ஆறாம் மாடி வரை ஏறி, இறங்கி வந்தார்.
கதவு திறந்ததும் என்னிடம்தான் கேட்டார்:
"பொருள் மூணு என்னாச்சு?"
பேனா கையில் இருந்தது.
'பரி' வரை எழுதி
நிறுத்திக்கொண்டேன்.