இருமல்

வியாழன் இரவு, குட்டாய்சி அரங்கில்
நானுலி கிப்ஷீத்ஸே வாத்துத் திருடியாக வந்தாள்.
பாவாடைக்குள் வாத்து,
முகத்தில் பாதிரியாரின் சாந்தம்.
வாத்து கத்தும்போதெல்லாம் இவள் இருமினாள்.
மூன்றாவது இருமலில்
எனக்கு முன்னால் இருந்தவரின் பல்செட்
மடியில் விழுந்தது.
என் குறிப்பேட்டில் எழுத்தே இல்லை,
பேனா குலுங்கிய கோடுகள்தான்.

வெள்ளி இரவு வேறு நாடகம், அதே பாவாடை
(கம்பெனியில் துணிக்குப் பஞ்சம்).
த்கிபுலி சுரங்கத்திலிருந்து
மகனின் பூட்ஸ் மட்டும் வந்திருக்கிறது.
அவள் அழவில்லை.
நாடாவை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள்,
பள்ளிக்குக் கிளம்பும் பையனுக்குப் போடுகிற
இரட்டை முடிச்சு.
பிறகு இருமினாள்.

நேற்றைய அதே இருமல்.
ஏழாம் வரிசையில் யாரோ
பழக்கதோஷத்தில் சிரித்து
பாதியில் விழுங்கிக்கொண்டார்கள்.
நான்தான்.

சிரிப்பில் கெட்டிக்காரியா, சோகத்திலா,
ஒரு வரியில் முடி என்கிறார் பத்திரிகை ஆசிரியர்.
குறை ஒன்று உண்டு, எழுதிவிட்டேன்:
இரண்டாம் காட்சியில் குரல்
பால்கனிக்கு எட்டவில்லை.
மற்றபடி,
வியாழக்கிழமை அந்த இருமல்
ஒரு வாத்தை மறைத்தது.
வெள்ளிக்கிழமை எதை என்று
மணி இரண்டாகியும்
எழுத வரவில்லை.