குதிரை லாயம், எண் ஏழு

வங்கிக் கடிதத்தில் என் முகவரி இப்படித்தான் வருகிறது:
ஸ்கெல்பி மாளிகை, குதிரை லாயம், எண் ஏழு.
மாளிகை இல்லை.
குதிரையும் இல்லை.
படுக்கையறைச் சுவரில் ஓர் இரும்பு வளையம் மட்டும்;
துண்டு காயப்போடுகிறேன்.

ஆம்ப்ரோஸ் கார்ஸ்டன் இதைக் கட்டியபோது
மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி தெளிவாக இருந்தது.
கார்ஸ்டனுக்கும்தான்:
கம்பளி விற்ற அப்பன் காசு,
ஆற்காட்டுக் கடன் பத்திரத்தின் வட்டி,
இரண்டையும் குழைத்து
யார்க்‌ஷயர் குன்றின்மேல் அறுபத்துநான்கு ஜன்னல்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால்
ஓர் ஊர் தெரிந்தது.
பன்னிரண்டு வீடு, பன்றிக் கொட்டில்,
கொடியில் யாருடையதோ உள்பாவாடை.
லெட்டிஸ் சீமாட்டிக்கு சூப் இறங்கவில்லை.
ஊரைப் பெயர்த்து மேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.
ஹெஸ்டர் பிக்கர்ஸ் மட்டும்
அடுப்பில் ரொட்டி இருக்கிறது, வெந்ததும் வருகிறேன் என்றாளாம்.
கூரையைப் பிரித்தபோதும் அது வெந்துகொண்டிருந்தது.

மகன் பார்னபி
ஒரே இரவுச் சீட்டில் கிழக்குக் காட்டைத் தோற்றான்;
ஓக் மரங்கள் போர்க்கப்பலாகிப் போயின.
பேரன் ஜன்னல் வரிக்குப் பயந்து
பதினொரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான்.
பிறகு வந்தவர்களின் பெயர் எனக்கு நிற்கவில்லை.
கோதுமை விலை விழுந்தது,
கூரையின் ஈயம் போனது,
இரண்டு போர், இரண்டு வாரிசு, இரண்டு சாவு வரி.
ஐம்பத்துமூன்றில் வெடி வைத்தார்கள்.
படிக்கட்டு மட்டும் கழற்றப்பட்டு அமெரிக்கா போனது.
அங்கே எந்த மாடிக்கு ஏறுகிறதோ.

யானை செத்தாலும் ஆயிரம் பொன்.
லாயம் பதினான்கு வீடானது,
ஒன்று எனக்கு, இருபத்தைந்து வருடத் தவணையில்.

போன கோடையில் ஏழு வாரம் மழையில்லை.
புல்வெளி கருகியது,
கல் புதைந்த இடம் முதலில்.
மஞ்சள் கோடுகளாக மாளிகை எழுந்து வந்தது:
நடனக்கூடம், நூலகம், முகப்புத் தூண்களின் பொட்டுகள்.
சரிவில் கீழே பன்னிரண்டு சின்னக் கட்டங்கள்.
இரண்டும் ஒரே மஞ்சள்.
ஒரு கட்டத்தின் மூலையில் வட்டமாய் ஏதோ.
அடுப்பாக இருக்கலாம். கிணறாகவும் இருக்கலாம்.
ரப்பர் செருப்போடு அதற்குள் நின்றேன்.
சுட்டது.

ஆகஸ்ட் பத்தொன்பது, மழை.
ஒரே வாரத்தில் பச்சை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.
அதே வாரம் குடியிருப்பு நிர்வாகத்தின் கடிதம்:
புல்வெளியின் பார்வை கெடுவதால்
வெளியே கொடி கட்டித் துணி உலர்த்த வேண்டாம்.

வளையத்தில் துண்டு
இன்னும் ஈரம்.