பாதி மீசை

டோல்மினுக்கு மேலே, தீயணைப்பு நிலையத்து மாடியில்
செவ்வாயும் வெள்ளியும் ஒத்திகை.
கீழே சிவப்பு வண்டி, மேலே நாங்கள்.
நாடகத்தில் பதினேழு பேர்.
ஊரில் நடிக்கச் சம்மதித்தது நாலு பேர்.
டிராக்டர் உதிரிபாகம் விற்கும் ஸ்தான்கோதான் இயக்குநர்;
வேஷங்களையும் டப்பாவிலிருந்து திருகாணி எடுப்பதுபோல
எண்ணிக் கொடுத்தான்.
என் கையில் விழுந்தவை ஐந்து:
கசாப்புக்கடை மத்தேவ்ஷ், விதவை யெரிட்சா,
ஜலதோஷம் பிடித்த பாதிரியார், பத்திரம் எழுதுபவர்,
மூன்றாம் அங்கத்தில் ஒரு பிணம்.
பிணம்தான் சிரமம். எனக்கு மூக்கு அரிக்கும்.

பகலில் நான் தபால்காரி.
நாற்பத்தொரு வீடு, மலைப்பாதை, மஞ்சள் ஸ்கூட்டர்.
குரல்களுக்கு உடம்பில் இடம்பார்த்துக் குடிவைத்தேன்:
மத்தேவ்ஷ் தொப்புளுக்குக் கீழே,
பாதிரியார் மூக்கில்,
பத்திரக்காரர் பல்லிடுக்கில்.
யெரிட்சா மட்டும்
தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே
சாமான் இறக்காத லாரிபோல நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கொரு வேஷமாகப் பழகினேன்.
மின்கட்டண உறையைக் கசாப்புக்காரனாக நீட்டினால்
நாய்கள் பின்வாங்கின.
பாதிரியாராகத் தும்மியதற்கு
ஃபிராஞ்ச்கா ஒரு ஜாடி தேன் கொடுத்தாள்.
சோச்சா பாலத்துக்கு அப்பால், லூத்விக் வீட்டில்,
தவறிப்போய் யெரிட்சா வாய்திறந்துவிட்டாள்:
"உங்களுக்கு இன்றைக்கும் ஒன்றுமில்லை."
கதவைப் பிடித்துக்கொண்டே அவர் கேட்டார்,
"யாருக்கு என்ன ஆச்சு?"
அன்றிலிருந்து அந்த வீட்டில் மட்டும் சொந்தக் குரல்.
அது எதுவென்று தேடி எடுக்க ஒரு நிமிடம் ஆகிறது.

இரண்டாம் அங்கத்தில்
மத்தேவ்ஷ் யெரிட்சாவிடம் கல்யாணம் கேட்கிறான்.
இருவரும் நான்.
ஆள் பாதி ஆடை பாதி என்பது இதுதான்:
இடப்பக்கம் பாதி மீசை, ரத்தக்கறை ஏப்ரன்,
வலப்பக்கம் கறுப்புச் சால்வை, ஒற்றைத் தோடு.
இப்படித் திரும்பினால் அவன், அப்படித் திரும்பினால் அவள்.
பாவம், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

வேஷம் மாற்றப் பதினோரு விநாடி.
திரைக்குப் பின்னால் மிலேனா, வாயில் டார்ச், விரலில் ஊக்குகள்.
வெல்க்ரோ கிழிவது முதல் வரிசைக்குக் கேட்கிறதாம்;
அதை மறைக்க அந்த இடத்தில் ஒரு கோழி கத்துகிறது.
கோழியும் நான்தான். அது கணக்கில் சேராது.

போன வெள்ளி மத்தேவ்ஷ் மண்டியிட்டான்.
"என் கடையும் என் கத்தியும் உனக்குத்தான்."
திரும்பினேன்.
"போடா, உன்மேல் கொழுப்பு நாறுகிறது" என்று
யெரிட்சா சொல்ல வேண்டும்.
ஆறு வாரமாகச் சிரிப்பு வாங்கிய வரி.
மறக்கவில்லை. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, இறங்கவில்லை.
அவள் யோசிக்கிறாள் என்று தோன்றியது.
நாற்பத்தாறு வயது.
எத்தனையோ பேருக்கு எத்தனையோ கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று,
இந்தக் கேள்வி என் முகவரிக்கு வந்ததில்லை.
மிலேனா வாயிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.
ஸ்தான்கோ பென்சிலைக் கீழே வைத்தான்.

சைரன் ஊளையிட்டது.

மேலே நாலு நடிகர், கீழே போனால் நாலு தீயணைப்பு வீரர்;
ஊர் சின்னது, ஆள் அதேதான்.
கூடுவிட்டுக் கூடு பாய
எங்களுக்கு ஒரு இரும்புக் கம்பம் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு இறங்கலாம்.
ஏப்ரன்மேல் தீச்சட்டையை மாட்டி நான் வண்டியை எடுத்தேன்.

லூத்விக்கின் வைக்கோல் கொட்டகை.
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மூலை கருகியிருந்தது.
அணைந்தபிறகு அவர் என் முகத்தில் விளக்கடித்தார்.
இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.
"இன்றைக்கு வந்திருப்பது யார்?"
தலைக்கவசத்தைக் கழற்றினேன். தோடு சிக்கிக்கொண்டது.
மீசை அசையவில்லை;
விழுந்து புரண்டாலும் மண் ஒட்டாத மீசை அது.
பதில் சொல்வதற்குள் குழாயைச் சுருட்டக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த இடைவெளி அப்படியே இருக்கட்டும் என்கிறான் ஸ்தான்கோ.
அதற்கும் சிரிப்பார்களாம்.
எத்தனை விநாடி என்று மிலேனா எண்ணிவைத்திருக்கிறாள்,
கேட்டால் சொல்வதில்லை.
நாளை செவ்வாய். பிணத்தைப் பார்க்க வேண்டும்.
மூக்குக்கு இன்னும் வழி தெரியவில்லை.